களி என்னும் சொல்

பெருமகிழ்ச்சியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் ‘களி’ என்பதும் ஒன்றாகும். இது ‘கள்’ என்னும் சொல்லோடு உறவுடையது. பழந்தமிழில் கள் என்பது மதுவை மட்டுமன்றித் தேனையும் குறித்தது. ஆகவே ‘களித்தல்’ என்பதற்கு மதுவுண்டு மயங்குதல், உவகை மிகுதல் என இரு பொருள்கள் அமைந்தன.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் மதுவின் களியைக் கடிகின்றார். காமத்துப்பாலிலோ, நினைத்த அளவிலேயே களிப்பூட்டும் ஆற்றல் கள்ளுக்கு இல்லை, காதலுக்கே உண்டு என்கின்றார்.

செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, கொல்லிமலையை ஆண்ட வள்ளல். அவனது கொடையால் பசி நீங்கிய கலைஞர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என வன்பரணர் புறநானூற்றின் 153ஆம் பாடலில் கூறுகின்றார். மனிதன் அளித்த கொடையே தம் கலையை மறக்கச் செய்யுமாயின், இறைவன் அருள் தன்னையே மறக்கச் செய்வதில் வியப்பில்லை.

மாணிக்கவாசகர் திருக்கோத்தும்பியில் அரச வண்டை விளித்து, பூவிலுள்ள சிறுதேனை விடுத்து, இறைவனிடம் ஊறும் ஆனந்தத் தேனை நாடுமாறு பணிக்கின்றார். மதுவின் களியில் அறிவு மறைகிறது. ‘நான்’ என்னும் செருக்கு வளர்கிறது. அருளின் களியில் செருக்கு மறைகிறது, அறிவு தெளிகிறது.

கொல்லிமலை அறப்பளீசுவரரை வழிபட்டு மலையிறங்கும் அன்பர், இல்லம் சேர்ந்த பின்னரும் இன்சொல்லும் இரக்கமும் தம்மிடம் நிலைத்திருக்கக் கண்டால், தாம் பெற்றது மெய்யான களியே என்று உணரலாம்.