உறைதயிர்க் கிண்ணமும் உடன்வரும் நண்பர்களும்

நீரிழிவுக்காக எங்களிடம் மருத்துவம் பெறும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் பலர், ஆண்டில் சில மாதங்களை அமெரிக்காவில் பிள்ளைகளின் வீட்டில் கழிக்கின்றனர். அங்கே மாலை வேளைகளில் நண்பர்கள் குழுவாகச் செல்லும் இடங்களுள் ஒன்று, ஃப்ரோசன் யோகர்ட் எனப்படும் உறைதயிரைத் தாமே பிடித்துக்கொள்ளும் கடை. "தயிர்தானே, சாப்பிடலாம் அல்லவா?" என்று புறப்படுமுன் எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்காமலே சாப்பிடுபவர்கள் அவர்களைவிட அதிகம்.

வீட்டில் உறையூற்றிய தயிர் 100 கிராமில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிராம்தான் இருக்கும். அதுவும் பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை. இனிப்பூட்டிய உறைதயிரில் இது பெரும்பாலும் 20 கிராமை எட்டிவிடுகிறது. காரணம் எளியது. வெறும் தயிரைக் குளிரூட்டினால் கல்லாக இறுகிவிடும்; சர்க்கரை சேரும்போது உறைநிலை தாழ்ந்து, கலவை கரண்டிக்கு இளகுகிறது. மேலும், குளிர்ச்சியில் நாவுக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே அதிகமாகச் சேர்க்க வேண்டியுள்ளது. கொழுப்பு ஐஸ்கிரீமைவிடக் குறைவு என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சர்க்கரைக் கணக்கில் அது தயிருக்கு உறவன்று, ஐஸ்கிரீமுக்கே உறவு.

திருச்சி மெயின்கார்டுகேட் பகுதியின் மைக்கேல் ஐஸ்கிரீம் கடையை அறியாதவர் நம் ஊரில் அரிது. அத்தகைய கடைகளில் அளவைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார். கோப்பை காலியானால் கணக்கும் முடிந்தது. தாமே பிடித்துக்கொள்ளும் கடையிலோ பெரிய கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எடைக்கே விலை. கிண்ணம் பெரிதானால் உண்ணும் அளவும் பெரிதாகிறது என்பதைக் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியுள்ளது. பிறகு சாக்லேட் துண்டுகள், பாகில் ஊறிய பழங்கள், மிட்டாய்கள் என்று மேலே தூவும் வரிசை வருகிறது. உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இதற்காக நண்பர்களோடு செல்வதையே நிறுத்த வேண்டுமா? வேண்டாம். "உங்களுக்கு ஆகாது, வீட்டிலேயே இருங்கள்" என்று குடும்பத்தார் தடுத்துவிட்ட முதியவர் ஊக்கம் இழக்கிறார். சிலர் ஒளித்து உண்ணத் தொடங்குகின்றனர். ஒளித்து உண்பதற்கு அளவும் இல்லை, மருத்துவரிடம் சொல்லவும் மனம் வராது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அது வெளிப்படும்போது மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போக நேர்கிறது.

அளவைக் கடைக்குள் நுழையுமுன் முடிவு செய்யுங்கள். அமெரிக்கத் தராசு அவுன்ஸில் காட்டும். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். மூன்று அவுன்ஸ் எடுத்தால் சுமார் 17 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சர்க்கரையை இயன்றால் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பொதுமக்களுக்குச் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே தூவ வேண்டுமானால் பாதாம், வால்நட் போன்ற கொட்டைகள் போதும். "சர்க்கரை சேர்க்காதது" என்ற பலகையை நம்பிக் கிண்ணத்தை நிரப்ப வேண்டாம். பாலின் சர்க்கரையும் வேறு மாவுச்சத்தும் அதில் இருக்கும். அன்றைய இரவு உணவில் சோற்றையோ இட்லியையோ சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் உணவையே தவிர்த்துவிடக் கூடாது. பின்னர்ப் பதினைந்து நிமிடம் நடப்பது நல்லது. (தெப்பக்குளத்துக் கடைவீதியில் நின்று நின்று வேடிக்கை பார்ப்பதை நாங்கள் நடையாகக் கொள்வதில்லை. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் கைவீசி நடப்பதே நடை.)

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்களும் இன்னொன்றை அறிய வேண்டும். மருந்தை எடுத்துக்கொண்டு, பேச்சு சுவாரசியத்தில் உணவு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டு, அளவு 70க்குக் கீழே இருந்தால், கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் ஐஸ்கிரீமைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு ஏறாவிடில் மறுமுறை கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இங்கே 108ஐயும் அமெரிக்காவில் 911ஐயும் உடனே அழையுங்கள். இதை உடன்வரும் நண்பர் ஒருவரிடமாவது முன்னரே சொல்லி வையுங்கள்; குளுக்கோஸ் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.

சாப்பிடுமுன் ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் விரலில் சோதித்து, அந்த அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை அச்சிட்ட கடை ரசீது கிடைத்தால் அதையும் குறிப்பேட்டில் ஒட்டி, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். உங்கள் உடல் எவ்வளவு தாங்குகிறது என்பதை அதைக் கொண்டு நாம் சேர்ந்தே கணக்கிடலாம்.