காவலூர் கற்பித்த பாடம்

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணிபுரியும் என் தந்தை, தோலைத் தொட்டே தரம் சொல்வார். தொலைநோக்கி ஆடியை அவ்வாறு சொல்ல இயலாது. அதன் பரப்பில் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குப் பிழையும் படிமத்தைக் கெடுக்கும். என் ஆசைக்குத் தடை போட்டது இந்த உண்மையே.

ஆலங்காயத்தைக் கடந்து ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியைக் கண்டேன். அதன் முதன்மை ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். குவியத் தொலைவு விட்டத்தைப் போல் 3.25 மடங்கு, ஏறத்தாழ 7.6 மீட்டர். துணை ஆடி பொருத்திய காசிகிரேன் அமைப்பில் அதுவே 13 மடங்காகி 30 மீட்டரைத் தாண்டுகிறது. குழாய் நீளவில்லை, ஒளி மடிக்கப்படுகிறது!

இதையே சிறிதாகச் செய்ய எண்ணினேன். 15 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட குழியாடி. அதிலிருந்து 45 செ.மீ. தொலைவில் 4 செ.மீ. அளவுள்ள குவியாடி. நான்கு மடங்கு பெருக்கத்தால் மொத்தக் குவியத் தொலைவு 240 செ.மீ. ஆகும், முதன்மை ஆடியின் நடுத்துளை வழியே 15 செ.மீ. பின்னால் படிமம் விழும். பேருந்தில் மடியில் வைத்தே கொண்டு செல்லலாம்.

கணக்கு இனித்தது, செய்முறை அச்சுறுத்தியது. துணை ஆடி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் குவியம் 17 மில்லிமீட்டர் நகரும். காசிகிரேனில் முதன்மை ஆடி பரவளையம், துணை ஆடி அதிபரவளையம். குவியாடி மெய்ப்படிமம் தராததால், அதைச் சோதிக்க அதனினும் பெரிய கோள ஆடி ஒன்று தேவை. ரிச்சி–கிரெத்தியன் அமைப்பில் இரண்டுமே அதிபரவளையங்கள். கிரிகோரி அமைப்பில் துணை ஆடியும் குழியாடியே. சோதிப்பது எளிது, ஆனால் குழாய் நீளும். டால்–கிர்க்கம் அமைப்பில் துணை ஆடி வெறும் கோளம், முதன்மை ஆடி நீள்வட்டம். புலத்தின் ஓரத்தில் படிமம் சிதைந்தாலும் கோள்களை நோக்க அது போதும். கூட்டு அமைப்புகளில் நமக்கு ஏற்றது இதுவே.

ஆயினும் முதல் ஆடியாக, 120 செ.மீ. குவியத் தொலைவுள்ள நியூட்டன் வகையையே தேர்ந்தேன். அதில் தேய்க்க வேண்டிய வளைபரப்பு ஒன்றே. கோளத்திலிருந்து பரவளையத்திற்குத் திருத்த வேண்டிய அளவும், 60 செ.மீ. ஆடிக்குத் தேவையானதில் எட்டில் ஒரு பங்கே. ஒரு விளக்கும் சவர அலகும் இருந்தால், ஃபூக்கோவின் கத்திமுனைச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

நீண்ட குழாயைப் பேருந்தில் எப்படி ஏற்றுவாய் என்று நண்பர்கள் நகைக்கின்றனர். தந்தையோ, "முதலில் கை பழகட்டும்" என்றார். மாணவ நண்பர்களே, கை பழகியபின் ஒளியை மடிப்போம்!