நம்பிக்கைகளும் உண்மைகளும்: கிண்டியில் இடம் யாருக்கு?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பிலும் கூமாப்பட்டியிலும் பல வீடுகளில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: "அண்ணா யுனிவர்சிட்டியெல்லாம் நம்ம பிள்ளைக்குக் கிடைக்காது." அந்த முடிவுக்கு ஆதாரம் பெரும்பாலும் செய்தித்தாளில் பார்த்த ஒற்றை எண். கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பொதுப்பிரிவில் 200-க்கு 199-ஐ ஒட்டிய கட்-ஆஃப் கேட்டார்கள் என்பது அது. எண் சரிதான். ஆனால் அது ஒரு கல்லூரியின் ஒரு பாடப்பிரிவில், ஒரு வரிசைக்கான எண் மட்டுமே. அண்ணா பல்கலைக்கழக வளாகங்களில் கிண்டியோடு குரோம்பேட்டை எம்ஐடியும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல பாடப்பிரிவுகள் உள்ளன, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் இனவாரியாகத் தனித்தனி வரிசை உண்டு. தன் பிள்ளை நிற்கும் வரிசை எது என்று பார்க்காமல் அடுத்தவர் வரிசையைப் பார்த்து மனம் தளர்ந்துவிடுவதால்தான் நம் பகுதிப் பிள்ளைகள் பலர் கைக்கெட்டிய இடத்தை இழக்கிறார்கள்.

நம்பிக்கை: மொத்த மதிப்பெண் அதிகமாக இருந்தால் இடம் உறுதி.

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2018, 2023 உட்படப் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. அது பெருமைதான். ஆனால் தேர்ச்சி விகிதம் எத்தனை பேர் தேறினார்கள் என்று சொல்லுமே தவிர, எத்தனை பேர் கிண்டிக்குப் போவார்கள் என்று சொல்லாது. பொறியியல் கலந்தாய்வுக்கு 600-க்கு எடுத்த மொத்தம் கணக்கில் வராது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200. ஒரு மாணவி கணிதத்தில் 88, இயற்பியலில் 96, வேதியியலில் 95 எடுத்து, மற்ற பாடங்களில் சதத்தை நெருங்கி மொத்தம் 570 பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கட்-ஆஃப் 183.5. மொத்தம் 544-தான் வாங்கிய இன்னொருத்தி கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 எடுத்திருந்தால் அவள் கட்-ஆஃப் 189. ஊர் பாராட்டுவது முதலாமவளை, கலந்தாய்வில் முந்துவது இரண்டாமவள். கணிதத்தில் தவறும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் தவறும் இரண்டுக்குச் சமம் என்பதைப் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: போன வருடக் கட்-ஆஃபைவிட இரண்டு குறைந்தால் வாய்ப்பே இல்லை.

2024 தரவரிசைப் பட்டியலில் 200-க்கு 200 பெற்றவர்கள் 65 பேர், 2025-இல் 144 பேர். ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு இரட்டிப்பாகிவிடவில்லை. வினாத்தாள் எளிதாக இருந்தால் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஏறும், கடினமாக இருந்தால் எல்லாருக்கும் இறங்கும். ஆகவே ஒப்பிட வேண்டியது மதிப்பெண்ணை அல்ல, தரவரிசையை. போன ஆண்டு எந்த ரேங்க் வரை அந்த இடம் போனது, அதில் தன் இனப்பிரிவின் ரேங்க் எது என்று பார்த்தால் கணக்கு ஓரளவு பிடிபடும். இங்கே இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. ஓசி எனப்படும் பொதுப்பிரிவு முன்னேறிய வகுப்பினருக்கு ஒதுக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 31 சதவீதம் எல்லாருக்கும் பொதுவான போட்டி. நல்ல ரேங்க் எடுத்த பிசி, எம்பிசி, எஸ்சி மாணவர் முதலில் அதில்தான் இடம் பெறுவார். மீதி 69 சதவீதம் பிசிக்கு 26.5, பிசி முஸ்லிமுக்கு 3.5, எம்பிசிக்கு 20, எஸ்சிக்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1 என்று பிரிகிறது.

நம்பிக்கை: 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாப் பள்ளிகளுக்கும் உண்டு.

இந்தக் குழப்பம் நம் பகுதிக்கே உரியது என்று சொல்லலாம். இங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் குறைவு, பாடநூலும் சைக்கிளும் அரசு தருவது, ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் கிடைப்பதால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி போன்றவையும் அதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கு மிகக் குறைவு என்று கண்ட நீதியரசர் முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2021-இல் வந்த சட்டம் இது. தகுதியுள்ளவர்கள் பொதுக் கலந்தாய்விலும் இந்த ஒதுக்கீட்டிலும் சேர்ந்தே பங்கேற்கலாம். இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. "சென்னையில் தங்கவைத்துப் படிக்கவைக்க முடியாது" என்று தயங்கும் தென்னந்தோப்புக் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. உதவி பெறும் பள்ளியிலிருந்து வரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தனியே உண்டு. அதற்கான சான்றிதழை முடிவு வரும்வரை காத்திராமல் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கிவைக்க வேண்டும்.

நம்பிக்கை: எட்டாததை முதல் விருப்பமாகப் போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்.

பிள்ளைகளுக்கு அதிகம் கெடுதல் செய்வது இந்த அச்சம்தான். கலந்தாய்வு மென்பொருள் ஒவ்வொரு மாணவரின் விருப்பப் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவர் ரேங்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தை ஒதுக்குகிறது. முதல் வரியில் கிண்டியை எழுதியதற்காகப் பத்தாவது வரியில் உள்ள கல்லூரி கைநழுவாது. விருப்பங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டே மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. பட்டியலில் எழுதாத இடம் மட்டும் எந்த ரேங்குக்கும் கிடைக்காது. ஏப்ரலிலேயே ஏதோ ஒரு தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, கட்டிய பணத்துக்காகக் கலந்தாய்வையே விட்டுவிடுவது இதைவிடப் பெரிய இழப்பு.

இப்படிக் கிண்டிக்கு முயலச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, இடங்களே மிகக் குறைவு என்பது. உண்மைதான். நூறு இடமுள்ள பாடப்பிரிவில் 7.5 சதவீதம் என்பது ஏழெட்டு, அதுவும் இனவாரியாகப் பிரியும். 150 கட்-ஆஃப் எடுத்தவரிடம் கிண்டி கிடைக்கும் என்று ஆசை காட்டுவது பாவம். ஆனால் 185-க்கு மேல் எடுத்த பிள்ளை விண்ணப்பிக்காமலே ஒதுங்குவதற்கு அது காரணமாகாது. இன்னொன்று, குறைந்த கட்-ஆஃபில் போனால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்பது. முதலாண்டு ஆங்கிலப் பாடமும் கணிதமும் தமிழ்வழிப் பிள்ளைகளைத் திணறவைக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து மதிப்பெண் வித்தியாசத்தில் அறிவு மட்டும் இல்லை, டியூஷனும் டெஸ்ட் பேட்ச்சும் சேர்ந்தே இருக்கின்றன. 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வு நகரத்துப் பயிற்சி மையங்களுக்குச் சாதகமாக இருந்தது என்பதாலேயே ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி 2006-இல் சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே வினாத்தாள்தான், சலுகை மதிப்பெண் யாருக்கும் கிடையாது. 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலேயே படிக்கவும் அங்கே வழி செய்யப்பட்டது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்று. முடிவு வந்த வாரமே பள்ளி ஆசிரியர்கள் பிள்ளையையும் பெற்றோரையும் உட்காரவைத்து, போன ஆண்டுத் தரவரிசையை இனவாரியாக, பாடப்பிரிவு வாரியாகக் காட்டி, விருப்பப் பட்டியலை எழுதவைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும். இடம் கிடைக்குமா என்பதைக் கலந்தாய்வு சொல்லட்டும், கிடைக்காது என்று அதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டாம்.