கழுத்து அறுவைக்குப் பின் சுண்ணாம்புச் சத்து குறையாமல் காப்பது எப்படி?

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் நம்மவர்கள் தோட்டத்திலும் உண்டு. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பிள்ளைகளோடு குடிபோனவர்களிலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இப்படிப் போய்வருபவர்களில் சிலருக்குக் கழுத்தில் ஓர் அறுவை தேவைப்படும்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். நம் உடம்பின் சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் அது குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இச்சுரப்பிகளின் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இவை ஓயாமல் வேலை செய்து பருத்துவிடும், எலும்பு அரிபடும். மருந்துக்கு அடங்காவிட்டால் வெட்டி எடுப்பார்கள்.

எடுத்தவுடன் என்ன ஆகிறது? பல வருடம் பறிகொடுத்த எலும்பு, பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல், இரத்தத்திலுள்ள கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். டாக்டர்களே இதற்குப் 'பசித்த எலும்பு' என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இரத்தத்தில் அளவு மிகவும் இறங்கும். அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் தலைவருக்கு ஆறு அறுவை பலிக்காமல், 1932-இல் ஏழாவது அறுவையில் நெஞ்சுக்குள் ஒளிந்திருந்த சுரப்பி கிடைத்தது. அதற்குப் பிறகு அவருக்கும் கைகால் இசிவு கண்டது.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று மரத்துப் போவதுதான் முதல் அடையாளம். அடுத்து கெண்டைக்கால் பிடிக்கும். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை கட்டி இறுக்கும்போது விரல்கள் தானாகக் குவிந்து மடங்கும். கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம், இருதயத் துடிப்பு தடுமாறலாம். இதை நம் வீடுகளில் "வாயு" என்று சொல்லித் தைலம் தேய்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம். தைலம் தேய்த்துக் காலையை எதிர்பார்க்க வேண்டாம். சுருசுருப்பு வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை மடங்கினாலோ வலிப்பு வந்தாலோ 999-ஐ அழையுங்கள்.

வராமல் தடுப்பது மாத்திரைதான். வீட்டுக்கு அனுப்பும்போது கால்சியம் மாத்திரை நிறையவே தருவார்கள்; கூடவே கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்தும் இருக்கும். "நான்தான் தினமும் வெயிலில் நிற்கிறேனே, வைட்டமின் எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. வெயில் தரும் வைட்டமினைப் பக்குவப்படுத்த நல்ல சிறுநீரகம் வேண்டும். கெட்டுப்போனவருக்குப் பக்குவமான மருந்தாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடா, இடைவேளையிலா என்பதை டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் இதோடு ஒன்றாக விழுங்கக் கூடாது. சில மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஈடாகாது. நெத்திலிக் கருவாட்டை அள்ளித் தின்றாலும் உப்பு ஏறித் தண்ணீர் கோர்க்குமே தவிர, பசித்த எலும்புக்குப் போதாது.

மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான். இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். பொதுவாக 2.1-லிருந்து 2.6 வரை சரியான அளவு. சுத்திகரிப்பு நிலையத் தாதியிடம் அறுவை நடந்ததைச் சொல்லி வையுங்கள். மெஷினில் ஓடும் நீரிலும் கால்சியத்தைக் கூட்ட வழியுண்டு. எலும்பின் பசி அடங்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். அளவு நிலைத்த பிறகு டாக்டரே மாத்திரையை ஒவ்வொன்றாகக் குறைப்பார்.