ஆன்லைன் வியாபாரம்: திருப்பி அனுப்பும் கூலி யார் மீது?

 

போன வாரம் மஃரிபுக்குப் பிறகு ஒரு சகோதரர் கையில் பார்சலோடு வந்தார். மகளுக்காக இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு புர்கா வாங்கியிருக்கிறார். படத்துக்குக் கீழே 'நிதா துணி' என்று போட்டிருந்தது. விலை 1,450 ரூபாய். வந்தது வேறு மட்டமான துணி. கேட்டால், "அனுப்பி விடுங்கள், பணத்தைத் தருகிறோம். ஆனால் கூரியர் செலவு உங்களுடையது" என்கிறார்கள். கூரியருக்கு 110 ரூபாய். "ஹஜ்ரத், தப்பு அவங்களுடையது, தண்டம் எனக்கா?" என்று கேட்டார்.

110 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் நம் மஹல்லாவிலேயே இப்படி வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் நாம்தான். அதனால் இந்த மஸ்அலாவைத் தெளிவாகப் பார்த்துவிடுவோம்.

ஒரு முறை நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிமில் வருகிற இந்தச் சம்பவத்தை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கொஞ்சம் யோசியுங்கள்: அன்றைய வாடிக்கையாளர் கையை உள்ளே விட்டுப் பார்க்கவாவது முடிந்தது. இன்று போனில் தெரிவது குவியலின் மேற்பகுதி மட்டும்தான்.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. இதில் எந்த மத்ஹபிலும் சந்தேகமில்லை. கேள்வி அந்தக் கூலியைப் பற்றியது.

இங்கே உங்களுக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது. நம் ஷாஃபிஈ கிதாபுகளைத் திறந்தால், குறையின் காரணமாகத் திருப்பிக் கொடுத்தாலும், பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு வாங்கியவர் மீதுதான் என்று இருக்கிறது. ஹனஃபி கிதாபுகளிலும் செலவு வாங்கியவர் மீதே. பொருள் யார் பொறுப்பில் இருக்கிறதோ, திருப்பிச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு என்பது ஷாஃபிஈ இமாம்கள் சொல்லும் காரணம். இதைப் படித்துவிட்டு ஒரு வியாபாரி சந்தோஷப்பட்டால், அவசரப்பட வேண்டாம். அதே கிதாபில் கூடவே ஒரு வார்த்தை இருக்கிறது: எந்த இடத்தில் கைப்பற்றினாரோ அந்த இடம் வரைக்கும்.

அந்தக் காலத்தில் வாங்கியவர் கடைக்கு வந்தார், கையில் வாங்கினார், தன் விருப்பப்படி ஊருக்குக் கொண்டுபோனார். தான் சுமந்து போனதைத் தானே சுமந்து வர வேண்டும் என்பது நியாயம்தானே! இன்று வாங்கியவர் எங்கே கைப்பற்றுகிறார்? வீட்டு வாசலில். விற்றவர் அமர்த்திய கூரியர் கொண்டுவந்து கொடுத்தால், அந்த வாசல்தான் கைப்பற்றிய இடம். வாசலில் திருப்பிக் கொடுத்ததோடு அவர் கடமை முடிகிறது. அதற்கு மேல் போகிற கூலி விற்றவருடையது. வாங்கியவரே ஆள் அனுப்பிக் கடையில் எடுத்திருந்தால் கணக்கு மாறும். கிதாபின் சட்டத்தை இன்றைய நிலைக்குப் பொருத்தி நான் விளங்கிக்கொண்டது இது. நீங்கள் பெரிய உலமாக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலிகி மத்ஹபில் விஷயம் இன்னும் நேரடியானது. குறையைத் தெரிந்தே மறைத்து விற்றவரை அவர்கள் தனியாகப் பிரிக்கிறார்கள். பொருளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் செலவு அப்படி மறைத்தவர் மீதே.

நம் நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. 2020இல் வந்த மின் வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்றவர் மறுக்க முடியாது. திருப்பி அனுப்பும் செலவு பற்றிய தகவலை முன்கூட்டியே தெளிவாகக் காட்டவும் வேண்டும். தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

"நாங்கள்தான் முன்பே எழுதியிருக்கிறோமே, ரிட்டர்ன் செலவு வாடிக்கையாளருக்கு என்று" எனச் சில தம்பிகள் சொல்வார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று திருப்புகிறவரிடம் அந்த நிபந்தனையைச் சொல்லுங்கள், தாராளமாக. பொய்யான வர்ணனைக்கு அதையே கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

"மொத்த வியாபாரி அனுப்பிய படத்தைத்தான் போட்டேன், துணியை நானே பார்க்கவில்லை" என்றால்? வேண்டுமென்றே ஏமாற்றிய பாவம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பார்க்காத துணிக்கு 'அசல்' என்று சாட்சி சொன்னது யார்? தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் இந்தத் தம்பிகள் படிக்க வேண்டும். அது தனியாக ஒரு ஜும்ஆவுக்கு உரிய பாடம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு உடுத்திவிட்டு மறுநாள் 'டேமேஜ்' என்று திருப்பி அனுப்புகிற பழக்கம் இருக்கிறதே, அதுவும் மோசடிதான். மடியைக் கட்டி, பால் நிறைந்ததாகக் காட்டி விற்கப்பட்ட ஆட்டைப் பற்றிய ஹதீஸைப் பாருங்கள். ஏமாற்றப்பட்டவர் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் கறந்த பாலுக்குப் பகரமாக ஒரு ஸாஉ பேரீத்தம்பழத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர்தான் என்றாலும், அனுபவித்ததற்கு ஈடு உண்டு! குறை தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்வது ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனை. தெரிந்த பிறகும் உடுத்திக்கொண்டிருந்தால் திருப்பும் உரிமையே போய்விடும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரி. ஒரு துணியில் குறை இருக்கிறது, சொல்லி விற்க வேண்டும் என்று தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் சரக்கைக் கொடுத்தார்கள். அவர் மறந்துபோய்ச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்றில் வருகிறது.

தம்பிகளே, உங்களிடம் வாங்கியவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாமே ஆர்டரில் இருக்கிறது. அப்படி யாரிடமாவது அந்த 110 ரூபாயைச் செலவு செய்ய வைத்திருந்தால், இன்று அஸருக்குள் ஜிபேயில் அனுப்பிவிடலாம்.