கண்ணாடிக்குள் ஓர் ஆறு

நுழையும்முன்

மீன்தொட்டி ஒரு வீட்டில் இருப்பினும், அதனை வாழவைக்கும் அறிவு பலரிடமிருந்து வந்துசேர்கிறது. அவ்வறிவைப் பகிர்ந்துகொண்டோரால் அழிவின் விளிம்பிலிருந்து ஒரு மீனினமே மீண்டிருக்கிறது.

தொட்டியின் தோற்றம்

மீன்களும் நீர்த்தாவரங்களும் நத்தைகளும் ஒன்றையொன்று சார்ந்து ஒரே கலத்தில் வாழ இயலும் என்பதை இங்கிலாந்து வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1850இல் எடுத்துக்காட்டினார். பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட நூலால் மீன்தொட்டி இல்லங்கள்தோறும் பரவியது. இன்று சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர்பெற்று விளங்குகிறது.

பகிர்வே காப்பு

புதிய தொட்டியின் நீர் தெளிவாகத் தோன்றினும் உடனே மீனுக்கு உகந்ததாகிவிடாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். ஒருவகை நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறுவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். இதனை அறியாமல் முதல்நாளே தொட்டியை மீன்களால் நிரப்புவோர், அவற்றை விரைவில் இழக்க நேர்கிறது.

பழகிய வளர்ப்பாளர் ஒருவர், தம் தொட்டியின் வடிகட்டியிலுள்ள பஞ்சில் ஒரு துண்டைத் தந்தால் நுண்ணுயிரிகளும் உடன்வருகின்றன. காத்திருக்கும் காலம் குறைகிறது. நீர்ச்செடியின் கிளைகளும் கப்பிக் குஞ்சுகளும் நோய்பற்றிய எச்சரிக்கையும் இவ்வாறே கைமாறுகின்றன. பெறுபவர் நாளை கொடுப்பவராகிறார்.

விருப்பம் விளைத்த கேடு

மேற்குத்தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ என்னும் மீன், செந்நிறக் கோட்டழகால் உலகச் சந்தையை ஈர்த்தது. ஆற்றிலிருந்து அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அருகியது. இன்று அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அழகை விரும்பியோரே அதன் அழிவுக்கும் காரணமாயினர்.

ஆறு திரும்பிய மீன்

மெக்சிகோவின் தேயுசித்லான் ஆற்றில் மட்டுமே வாழ்ந்த சிறுமீன் டெகீலா மீன். மாசும் அயல்மீன்களின் வரவும் அதனை ஆற்றிலிருந்து அகற்றின. எனினும், ஆர்வலர்களின் தொட்டிகளில் அவ்வினம் தொடர்ந்து பேணப்பட்டது. 1998இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஐந்து இணைகள் மெக்சிகோவின் மிச்சோகான் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. அவற்றைக் கொண்டுசேர்த்தவர் ஓர் ஆங்கில மீன்வளர்ப்பாளர். ஆய்வாளர்கள் அம்மீன்களைப் பெருக்கி, முதலில் குளங்களில் பழக்கினர். பின்னர் 1500 மீன்களை அவற்றின் தாயகத்தில் விட்டனர். இயற்கையில் இல்லாதொழிந்த இனம் மீண்டும் அங்கே இனம்பெருக்கியது.

வளர்ப்பவர் கடமை

ஆய்வாளர்கள் ஓரினத்தை அதன் தாயகத்தில் விடுவதும், வளர்ப்பவர் தொட்டிமீனை அருகிலுள்ள ஏரியில் விடுவதும் ஒன்றல்ல. தென்னமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன், தொட்டிக்குள் சிறிதாக இருக்கும்போது விரும்பப்படுகிறது. வளர்ந்தபின் நீர்நிலையில் விடப்படுகிறது. அங்கு அது பெருகி உள்ளூர் மீன்களின் வாழிடத்தைப் பறிக்கிறது. மீனவர் வலைகளையும் கிழிக்கிறது. இரக்கம் எனக் கருதிச் செய்யும் செயலே பிறவுயிர்களுக்குத் துன்பமாகிறது. வளர்க்க இயலாத மீனை மற்றொரு வளர்ப்பாளரிடமோ கடையிலோ ஒப்படைப்பதே முறையாகும்.

கண்ணாடித் தொட்டிக்கு நான்கு சுவர்கள் உண்டு. அதனைப் பேணுபவரின் பொறுப்பு அச்சுவர்களோடு நின்றுவிடுவதில்லை.