படகில் விருந்தோம்பல்

இல்லம் தேடி வந்தவரை இன்முகத்துடன் வரவேற்று, அமரச் செய்து, உண்ணக் கொடுத்தல் நம் நாட்டு மரபு. வள்ளுவப் பெருந்தகை இதற்கெனப் பத்துக் குறட்பாக்கள் கொண்ட ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால் இல்லமே ஒரு படகாக இருந்தால் விருந்தை எவ்வாறு ஓம்புவது?

குமரி மாவட்டத்தில் இது வேடிக்கைக் கேள்வியன்று. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் ஒருமுறை கடலுக்குச் சென்றால் வாரக்கணக்கில், சில வேளை ஒரு மாதத்துக்கும் மேலாகப் படகிலேயே தங்குகின்றனர். இதனைத் தங்குகடல் மீன்பிடிப்பு என்பர். சமையல், உறக்கம், செபம் யாவும் அங்கேதான். மணவாளக்குறிச்சியைச் சேர்ந்த என் தந்தையாரும் அத்தகைய படகு ஒன்றில் பணி செய்கிறார்.

சென்ற ஜனவரியில் அப்படகு குளச்சலில் நங்கூரமிட்டிருந்தபோது கல்லூரி நண்பர் எழுவரை விருந்துக்கு அழைத்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆயத்தமாக இருந்தன. கரையிலிருந்து ஒரு வள்ளத்தில் சென்றோம். பாதி வழியில் ஓங்கில் ஒன்று துள்ளியது. “அதோ!” என்று கூவியவன் நான்தான். எழுவரும் ஒரே பக்கம் எழுந்து சாய்ந்தனர். வள்ளத்தின் விளிம்பு நீரைத் தொட்டது; கடல்நீர் உள்ளே புகுந்தது. “மக்களே, இருந்த இடத்துல இருங்க! ஆரும் எழும்பாதீங்க!” என்று என் தந்தையார் இட்ட குரலே எங்களைக் காத்தது. நண்பருள் இருவருக்கு நீந்தத் தெரியாது என்பதை அதற்குப் பின்னரே கேட்டறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரை அந்த உறக்கமின்மையில் பிறந்தது.

முதற்பாடம்: எடை

நம் ஊர்க் கருமணலைக் கொண்டே இதனை விளக்கலாம். இந்திய அருமணல் ஆலை பிரித்தெடுக்கும் இல்மனைட்டு நீரைப்போல் ஏறத்தாழ 4.7 மடங்கு அடர்த்தி உடையது. வெள்ளை மணலோ சுமார் 2.65 மடங்குதான். ஒரு வெற்று டப்பாவின் அடியில் இரு பிடி கருமணலிட்டு நீர்த்தொட்டியில் மிதக்க விடுங்கள், நிமிர்ந்து நிற்கும். அதே மணலைப் பொட்டலமாக்கி மூடிமேல் கட்டினால் கவிழ்ந்துவிடும். எடை மாறவில்லை, எடையின் இடம் மாறியது. அமர்ந்திருப்பவர் எழும்போது படகின் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கம் திரளும்போது அம்மையம் பக்கவாட்டில் நகர்கிறது. ஆளுக்கு 60 கிலோ எனக் கொண்டால் எழுவர் 420 கிலோ. சிறிய வள்ளத்துக்கு இது சிறு சுமையன்று.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 உயிர்கள் பறிபோயின. இவர்களுள் பெரும்பாலோர் மகிழ்ச்சி நாடிச் சென்றவர்களே!

இரண்டாம் பாடம்: நன்னீர்

சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்கும் நீர் தொட்டியளவே. ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்தால், 12 பேருக்கு 30 நாளுக்கு 1,800 லிட்டர் வேண்டும். அதுவே ஏறத்தாழ 1.8 டன் எடை. எனவே கை கழுவக் கடல்நீர், குடிக்க நன்னீர் என்பது படகின் ஒழுங்கு. வீட்டுப் பழக்கத்தில் விருந்தினர் குழாயைத் திறந்து விட்டால் அது தொழிலாளரின் பங்கிலிருந்து போகிறது. இதனை முன்கூட்டிச் சொன்னால் எவரும் வருந்தார்.

மூன்றாம் பாடம்: தலைச்சுற்றல்

உட்காது அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ அசைவின்மையைக் காண்கிறது. இம்முரண்பாட்டால் தலைச்சுற்றலும் வாந்தியும் வருகின்றன. இது கோழைத்தனமன்று, பழகிய மீனவரையும் சில நாள் வாட்டும். விருந்தினரை ஆட்டம் மிகுந்த அணியத்தில் அமர்த்தாமல் படகின் நடுப்பகுதியில் காற்றோட்டமாக அமர்த்தி, தொடுவானத்தை நோக்கச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பலகாரத்தை வற்புறுத்தி ஊட்டுவது அன்பாகாது.

நான்காம் பாடம்: முதற்சொல்

பழந்தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். விருந்தினர் என்போர் புதியவர். இப்பொருள் படகிற்கு எவ்வளவு பொருத்தம்! பழகியவனின் கால் கயிற்றையும் ஐஸ் அறையின் திறப்பையும் தானே அறியும். புதியவரின் கால் அறியாது. வள்ளத்தில் எழக்கூடாது என்பதை அறியாதிருந்தது நண்பர்களின் குற்றமன்று. அறிந்தும் சொல்லாதிருந்தது என் குற்றம். சொன்னால் அஞ்சுவரோ, மரியாதைக் குறைவாக எண்ணுவரோ என்று தயங்கினேன். அத்தயக்கம் எழுவரின் பெற்றோரைக் கண்ணீரில் ஆழ்த்தியிருக்கும்.

இரு மாதங்கள் கழித்து அதே நண்பர்கள் மீண்டும் வந்தனர். இம்முறை கரையிலேயே நீந்தத் தெரியாதவர் யாரெனக் கேட்டேன். ஒவ்வொருவரையும் உயிர்காப்பு உடை அணியச் செய்தேன். இரு குழுவாகப் பிரித்து இருமுறை ஏற்றிச் சென்றேன். எது தென்பட்டாலும் இருந்த இடத்திலிருந்தே காணுமாறு வேண்டிக்கொண்டேன். எவரும் முகம் சுளிக்கவில்லை. படகில் கட்டன்சாயா கொடுத்துவிட்டு என் தந்தையார், “இப்பம்தான் நீ விருந்து வைக்கப் படிச்ச மக்கா” என்றார்.

கடலோர ஊர்களிலிருந்து பயில வரும் மாணவ நண்பர்களே! உள்நாட்டுத் தோழர்களைப் படகிற்கு அழையுங்கள். நம் வாழ்வை அவர்கள் காணட்டும். ஆனால் இலை போடுமுன் இந்நான்கு பாடங்களையும் எடுத்துரையுங்கள். வந்தவரை நலமாகக் கரை சேர்த்த பின்னரே படகில் விருந்து நிறைவுறுகிறது.